மூன்று முறை ஏர் எடுத்தும் கெட்டியாகாத பிரேக்: ஒரு 1997 கொரோலாவின் கதை

பெரியப்பா போனில் சொன்னது ஒரே வரி. "பிரேக் மெத்துனு இருக்குடா தம்பி."

அதே வரியைத்தான் அவர் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு வொர்க்‌ஷாப்பிலும் சொல்லியிருக்கிறார். அங்கே கேட்டவுடன் ஏர் எடுத்தார்கள், அதாவது பிரேக் குழாய்களில் சிக்கியிருக்கும் காற்றை வெளியேற்றினார்கள். சரியாகவில்லை. மறுபடி எடுத்தார்கள். மூன்றாவது தடவைக்குப் பிறகு புதிதாக இன்னொரு கோளாறு சேர்ந்துகொண்டது: சிக்னலில் காலை வைத்தபடி நின்றால் பெடல் தானாகவே மெல்லக் கீழே இறங்கியது. பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றினார்கள். இறங்குவது நின்றது. மெத்தென்று இருப்பது மட்டும் அப்படியே இருந்தது. இரண்டு மாதம், அறுநூறு சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் செலவு. அதற்குப் பிறகுதான் எனக்குப் போன் வந்தது.

வண்டி 1997இல் பதிவான டொயோட்டா கொரோலா. 1.6 லிட்டர், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், ஏபிஎஸ் கிடையாது. காரை வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழை 2007இலும் 2017இலும் பத்துப் பத்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கிறார். சிங்கப்பூரில் இது சின்ன விஷயம் இல்லை. பதினான்கு வயதைத் தாண்டிய காருக்குச் சாலை வரியில் 50 விழுக்காடு கூடுதல். பத்து வயதானதிலிருந்து ஆண்டுதோறும் வாகன ஆய்வு. இவ்வளவையும் கட்டி ஒருவர் ஒரு வண்டியை வைத்திருக்கிறார் என்றால் அது அவருக்கு வெறும் வண்டி இல்லை. என் தங்கை பிறந்தபோது மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தது அந்தப் பின் சீட்டில்தான்.

நான் கார் மெக்கானிக் இல்லை. விமான உதிரிபாகங்களைப் பழுதுபார்க்கும் இடத்தில் ஹைட்ராலிக் பகுதியில் வேலை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில் இந்த மாதிரி பழுது வேலை பார்க்கக் கூடாது என்பதால், காக்கி புக்கிட்டில் வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஓர் அண்ணனிடம் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு மூலையைக் கேட்டு வாங்கினேன். பெரியப்பா தானே ஓட்டி வருவதாகச் சொன்னார். "ரெண்டாவது மிதியில பிடிக்குதுல்ல, என்ன ஆயிடும்?" என்றார். வேண்டாம் என்று சொல்லி டோ டிரக் வைத்தேன். விரைவுச்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு விநாடிக்கு 25 மீட்டர் நகர்கிறது. காலை எடுத்து இரண்டாவது தடவை மிதிக்க அரை விநாடி ஆனால்கூட மூன்று கார் நீளம் போய்விடும். முதல் மிதியில் பிடிக்காத பிரேக்கோடு சாலையில் இறங்கவே கூடாது. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

இப்போது அந்த "மெத்துனு" என்ற சொல்லுக்கு வருவோம். இந்த நிகழ்வின் சிக்கல் முழுவதும் அந்தச் சொல்லில்தான் ஒளிந்திருந்தது. ஓட்டுபவர் மெத்தென்று இருக்கிறது என்று சொல்லும்போது மூன்று வெவ்வேறு விஷயங்களில் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். முதலாவது, பெடல் வெகு தூரம் கீழே போய், பிறகு கெட்டியாகப் பிடிக்கிறது. இது தாழ்ந்த பெடல். இரண்டாவது, பிடித்த பிறகும் அழுத்த அழுத்த ஸ்பிரிங் போல உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. இது பஞ்சுப் பெடல். மூன்றாவது, ஒரே அழுத்தத்தில் வைத்திருந்தாலும் மெதுவாக இறங்குகிறது. மூன்றுக்கும் காரணங்கள் வேறு. இறங்கும் பெடல் என்றால் பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டர் உள்ளே சீல் கசிவு, அல்லது எங்கோ வெளியே ஒழுகல். பஞ்சுப் பெடல் என்றால் அமுங்கக்கூடியதோ விரியக்கூடியதோ ஒன்று வழியில் இருக்கிறது: காற்று, உப்பும் ரப்பர் ஹோஸ், வளையும் காலிப்பர் (டிஸ்க்கைப் பேடுகளால் கவ்வும் பிடி). தாழ்ந்த பெடல் என்றால் டிஸ்க்கைக் கவ்வும் பேடோ, டிரம்மின் உட்சுவரை அழுத்தும் ஷூவோ, தொட வேண்டிய இடத்துக்கு வெகு தொலைவில் நிற்கிறது. ஏர் எடுப்பது இதில் ஒரே ஒரு காரணத்துக்கு மருந்து. அதைத்தான் மூன்று முறை கொடுத்திருந்தார்கள்.

அதனால் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் அளவு எடுத்தோம். ஸ்டீயரிங் வளையத்தின் கீழ் விளிம்பில் அளவு நாடாவின் கொக்கியை மாட்டி, மறுமுனையைப் பெடல் வரை இழுத்து, மிதிப்பதற்கு முன்னும் பின்னும் எவ்வளவு என்று பார்ப்பது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, அண்ணன் ஒரே சீரான அழுத்தத்தில் மிதித்தார், நான் படித்தேன். முதல் மிதியில் பெடல் 104 மி.மீ. போனது. விட்டவுடன் சட்டென்று மிதித்தால் 78தான். அப்படியே ஒரு நிமிடம் வைத்திருந்தோம், துளிகூட இறங்கவில்லை. இன்னும் பலமாக அழுத்தச் சொன்னேன், கூடுதலாக 15 மி.மீ. ரப்பர் மாதிரி உள்ளே போனது.

இந்த நான்கு அளவுகளில் பாதிப் பதில் வந்துவிட்டது. இறங்கவில்லை என்பதால் புது மாஸ்டர் சிலிண்டரின் சீல் சரி. முதல் மிதிக்கும் இரண்டாவது மிதிக்கும் நடுவே 26 மி.மீ. வித்தியாசம் என்பது தாழ்ந்த பெடலின் அடையாளம். காற்று இருந்தாலும் கொஞ்சம் இப்படி வரும், ஆனால் பிடித்த இடத்தில் இவ்வளவு தெளிவாகப் பிடிக்காது. கடைசி 15 மி.மீ. பஞ்சு. ஆக இரண்டு கோளாறுகள் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று தெரியும். ஒவ்வொரு தடவையும் "இன்னும் சரியாகவில்லை" என்று பெரியப்பாவுக்குத் தோன்றியதற்கு அதுதான் காரணம்.

காலின் அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டரையும் பார்த்தோம். இன்ஜினை நிறுத்திப் பலமுறை மிதித்து அதில் மிச்சமிருக்கும் வாக்குவத்தை (வெற்றிடத்தை) தீர்த்துவிட்டு, பெடலை அழுத்தியபடி ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் தாழ வேண்டும். தாழ்ந்தது. சக்கர பேரிங்கில் ஆட்டம் இல்லை, டிஸ்க் கோணவில்லை. எனவே பேடுகளைப் பின்னுக்குத் தள்ளும் கோளாறும் இல்லை.

என் முதல் சந்தேகம் புது மாஸ்டர் சிலிண்டர் மேல்தான் இருந்தது. வைஸ் என்ற பிடிகருவியில் வைத்துக் காற்றை எடுக்காமல் அப்படியே வண்டியில் மாட்டினால் உள்ளே ஒரு குமிழ் தங்கிவிடும், அது எளிதில் வெளியே வராது. அதைச் சோதிக்க நான்கு சக்கரங்களின் ரப்பர் ஹோஸ்களையும் அதற்கென்றே உள்ள வழுவழுப்பான கிளாம்பால் நெரித்து மூடினோம். நல்ல ஹோஸாக இருந்தால் இந்தச் சோதனையைச் செய்ய மாட்டேன், உள் அடுக்கு காயப்படலாம். இவை 1997 முதல் வண்டியிலேயே இருப்பவை. எப்படியும் மாற்றத்தான் போகிறோம். நான்கையும் மூடியபோது பெடல் 34 மி.மீ.யில் கல் மாதிரி நின்றது. மாஸ்டரிலிருந்து ஹோஸ் வரை காற்று இல்லை என்று அர்த்தம். என் சந்தேகம் தவறு.

அப்புறம் ஒவ்வொன்றாகத் திறந்தோம். முன் இரண்டையும் திறந்ததும் 56. இடது பின்சக்கரத்தைத் திறந்ததும் 76. வலது பின்சக்கரத்தையும் திறந்ததும் 104. பின்னால் உள்ள இரண்டு சின்ன டிரம்கள் மட்டும் 48 மி.மீ. தின்கின்றன. முன்னால் பெரிய காலிப்பர்கள் இரண்டும் சேர்ந்தே 22தான். இதைப் பார்த்ததும் அண்ணன் சிரித்துவிட்டு, "ஜாக்கி பின்னாடி போடு" என்றார்.

டிரம்மைக் கழற்றினோம். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: பழைய ஷூ லைனிங்கில் (ஷூவின் உரசும் மேலடுக்கில்) கல்நார் இருக்கலாம், அதனால் உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. பிரேக் கிளீனரால் நனைத்து வழித்து எடுக்க வேண்டும். பல இடங்களில் இன்னும் ஊதுகிறார்கள், அருகில் நிற்கும் வாடிக்கையாளரையும் சேர்த்து.

டிரம்மின் உள்விட்டம் 200.6 மி.மீ. புதிதில் 200, எல்லை 201. அதனால் டிரம் பரவாயில்லை. லைனிங்கும் 3 மி.மீ. மிச்சம் இருந்தது. ஆனால் ஷூக்களின் வெளிவிட்டம் வலது பக்கத்தில் 197.4. ஒரு மி.மீ.க்கும் குறைவாக இருக்க வேண்டிய இடைவெளி மூன்றைத் தாண்டியிருந்தது. ஷூக்களைத் தானாக நெருக்கி வைக்க வேண்டிய அட்ஜஸ்டரின் பல்சக்கரம் துருவும் தூசியும் சேர்ந்து இறுகிப் போயிருந்தது. இந்த ஊர் ஈரக் காற்றில், வாரத்துக்கு ஒருமுறை கோயிலுக்கும் தேக்கா சந்தைக்கும் மட்டும் போகும் வண்டியில், இது நடப்பதில் வியப்பில்லை.

வியப்பு இடது பக்கத்தில் இருந்தது. அங்கே பல்சக்கரம் விரலாலேயே சுழன்றது. ஆனாலும் இடைவெளி அதிகம். ஏன்? ஷூவோடு இணைந்திருக்கும் ஹேண்ட் பிரேக் நெம்புகோல், ஓட்டுபவர் இழுக்கும் லீவரை முழுக்க இறக்கிய பிறகும் தன் இடத்துக்குத் திரும்பாமல் பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது. கேபிள் இறுக்கமாக இழுத்துப் பிடித்திருந்தது. அந்த நெம்புகோல் முழுக்கத் திரும்பினால்தான் தானியங்கி அட்ஜஸ்டர் சரியாக வேலை செய்யும்.

பெரியப்பாவிடம் கேட்டேன், ஹேண்ட் பிரேக்கை யாராவது தொட்டார்களா என்று. கொஞ்சம் யோசித்துவிட்டு, "போன வருஷம் இன்ஸ்பெக்‌ஷன்ல ஹேண்ட் பிரேக் பத்தலைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க, ஒரு கடையில டைட் பண்ணிக் கொடுத்தான், அப்புறம் பாஸ் ஆயிடுச்சு" என்றார்.

நோயின் ஆரம்பம் அங்கேதான். வலது ஷூ தள்ளிப் போனதால் ஹேண்ட் பிரேக் பிடிப்பு குறைந்தது. சரியான வழி, முதலில் டிரம்மைத் திறந்து ஷூவை நெருக்கி வைப்பது, கடைசியில்தான் கேபிள். அந்தக் கடையில் டிரம்மைத் திறக்காமல் லீவருக்கு அடியில் இருக்கும் நட்டை மட்டும் முறுக்கியிருக்கிறார்கள். ஐந்து நிமிட வேலை. ஹேண்ட் பிரேக் பிடித்தது; கூடவே நன்றாக இருந்த இடது அட்ஜஸ்டரும் முடங்கியது. அதன்பின் ஷூ தேயத் தேய இடைவெளி இரண்டு பக்கமும் வளர்ந்தது. ஆய்வில் உருளைகள் மேல் சக்கரத்தைச் சுற்றவிட்டுப் பார்ப்பது எவ்வளவு விசையோடு பிடிக்கிறது என்பதை. பெடல் எவ்வளவு தூரம் போய்ப் பிடிக்கிறது என்று அந்த உருளைகளுக்குத் தெரியாது. அதனால் தாழ்ந்த பெடலோடும் வண்டி தேறிவிட்டது.

சில மில்லிமீட்டர் இடைவெளிக்குப் பெடல் இவ்வளவு போகுமா என்று பெரியப்பா நம்பவில்லை. ஒரு அட்டையில் கணக்குப் போட்டுக் காட்டினேன். மாஸ்டர் சிலிண்டரின் துளை 13/16 அங்குலம், அதாவது 20.6 மி.மீ.; பரப்பு 334 சதுர மி.மீ. டிரம்முக்குள் ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் துளை 17.5 மி.மீ., பரப்பு ஏறத்தாழ 240. ஒவ்வொரு வீல் சிலிண்டரிலும் இரண்டு பிஸ்டன். பின்னால் மொத்தம் நான்கு. ஒவ்வொன்றும் 2 மி.மீ. கூடுதலாக நகர வேண்டும் என்றால் 1,900 கன மி.மீ.க்குச் சற்று மேல் ஆயில் வேண்டும். அதைத் தள்ள மாஸ்டர் பிஸ்டன் 5.7 மி.மீ. கூடுதலாகப் போக வேண்டும். பெடலின் நெம்பு விகிதம் நான்கு என்று வைத்தால் காலடியில் 23 மி.மீ. நாம் அளந்த 26க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. விட்டு உடனே மிதித்தால் ஷூக்கள் முழுக்கப் பின்வாங்குவதற்குள் மாஸ்டர் மறுபடி நிரம்பிவிடும்; அதனால்தான் இரண்டாவது மிதியில் பெடல் உயரே நிற்கிறது. அவர் அட்டையை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வலது அட்ஜஸ்டரை ஊறவைத்து, கம்பி பிரஷால் தேய்த்து, சூடு தாங்கும் கிரீஸ் தொட்டுப் பூட்டினோம். கேபிளை முழுக்கத் தளர்த்திவிட்டு, டிரம் மாட்டி, சக்கரம் சுற்ற மறுக்கும் வரை பல்சக்கரத்தைத் திருப்பி, லேசாக உரசும் அளவுக்குப் பின்னுக்கு எடுத்தோம். கேபிளைக் கடைசியில் இறுக்கினோம். ஆறு கிளிக்கில் ஹேண்ட் பிரேக் பிடித்தது. பெடல் இப்போது முதல் மிதியில் 80, இரண்டாவதில் 79. அழுத்தினால் உள்ளே போகும் அந்த 15 மி.மீ. மட்டும் அசையவில்லை.

மாற்றிய பழைய மாஸ்டர் சிலிண்டரைப் பெரியப்பா பெட்டியோடு டிக்கியில் வைத்திருந்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைப் பிரித்துப் பார்த்தேன். சிலிண்டரின் பின்பாதி பளபளவென்று இருந்தது. முன்பாதியில் கசடும் அரிப்பும். இத்தனை ஆண்டுகளாகப் பிஸ்டன் போகாத பகுதி அது. ஏர் எடுக்கும்போது உதவியாள் பெடலைத் தரை வரை மிதித்திருக்கிறார். சீல் அந்தக் கரடுமுரடான பகுதிக்குள் போய்ப் போய் வந்ததில் உதடு கிழிந்திருந்தது. பெடல் இறங்கத் தொடங்கியது மூன்றாவது ஏர் எடுப்புக்குப் பிறகுதான் என்பது இதோடு பொருந்துகிறது. ஆக, கெட்டுப்போகாத ஒரு மாஸ்டர் சிலிண்டர் வைத்தியத்தில் கெட்டது. பழைய வண்டியில் ஏர் எடுக்கும்போது பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிடுங்கள். பாதிக்கு மேல் இறங்காமல் அது தடுத்துவிடும்.

மிச்சமிருந்த பஞ்சுக்கு வருவோம். பின் ஹோஸ்களை மூடினாலும் அது போகவில்லை, முன் இரண்டையும் மூடினால் போய்விட்டது. அதாவது முன்னால் ஹோஸ் அல்லது காலிப்பர். காலிப்பர் சறுக்கி நகரும் ஊசிகள் இரண்டு பக்கமும் வழுக்கி நகர்ந்தன. பேடுகளும் கோணாமல் சீராகத் தேய்ந்திருந்தன. எனவே காலிப்பர் வளைய வழியில்லை. அண்ணன் பலமாக மிதிக்க, நான் ஹோஸைக் கைக்குள் பொத்திப் பிடித்தேன். இடது ஹோஸ் விரல்களுக்குள் தெளிவாகப் பெருத்தது. வலது கொஞ்சம் குறைவு. இடது ஹோஸை வளைத்துப் பார்த்தால் காலிப்பர் முனைக்குப் பக்கத்தில் சுற்றிலும் மெல்லிய வெடிப்புகள். ஹோஸுக்குள் இருக்கும் நூல் பின்னல்தான் அதை விரியாமல் பிடித்து வைப்பது. அது தளர்ந்துவிட்டால் காலின் பலம் பேடுக்குப் போகாமல் ரப்பரை ஊதுவதில் போய்விடும். நான்கையும் மாற்றினோம்.

பிரேக் ஆயில் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் அந்த முதல் வொர்க்‌ஷாப்பில் "ஆயில் தண்ணி குடிச்சிருக்கு, அதான் மெத்துனு இருக்கு" என்றும் சொல்லியிருக்கிறார்கள். பெயர்தான் ஆயில், உண்மையில் அது கிளைக்கால் வகைத் திரவம், காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இந்த வண்டியில் அது கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) நிறத்தில் இருந்தது உண்மை. ஆனால் கரைந்திருக்கும் தண்ணீர் அமுங்காது. குளிர்ந்த வண்டியில் பெடல் மெத்தென்று இருப்பதற்கு அது காரணமாக முடியாது. அதன் ஆபத்து சூட்டில்தான். டாட் 3 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது, 3.7 விழுக்காடு தண்ணீர் சேர்ந்த பிறகு அந்த எல்லை 140க்கு வந்துவிடுகிறது. சிங்கப்பூரின் உயரமான புக்கிட் தீமா குன்றே 164 மீட்டர்தான். இங்கே ஓட்டும் வரை தெரியவே தெரியாது. பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு 1,800 மீட்டர் உயரத்திலிருக்கும் மலேசியாவின் கெந்திங்குக்குப் போய்விட்டுத் திரும்பி இறங்கும்போது, பாதி வழியில் ஆயில் கொதித்து ஆவி நிரம்பி, பெடல் தரையைத் தொடும். பெரியப்பா டிசம்பரில் அங்கே போவதாக இருந்தார். அதனால் பழைய ஆயில் முழுவதையும் வெளியேற்றி, டாட் 4 ஊற்றினோம். டாட் 3 ஊற்றிய வண்டிக்கு அது ஒத்துப்போகும். சிலிக்கோன் வகையான டாட் 5ஐ மட்டும் இதில் கலக்கவே கூடாது.

நான்காவது ஏர் எடுப்பு. பெடலுக்கு அடியில் மரக்கட்டை. மாஸ்டரிலிருந்து குழாய் நீளம் அதிகமான இடது பின்சக்கரத்தில் தொடங்கி, வலது பின், இடது முன், வலது முன்.

"அழுத்துங்கண்ணே."

"அழுத்திட்டேன்."

"பிடிங்க, விடாதீங்க... மூடிட்டேன், இப்ப விடுங்க."

தெளிந்த தேன் நிறத்தில் குமிழ் இல்லாமல் வரும் வரை. கிட்டத்தட்ட ஒரு லிட்டர் ஆனது.

கடைசி அளவு: முதல் மிதியில் 74, இரண்டாவதில் 74, பலமாக அழுத்தினால் கூடுதலாக 5. ஞாயிறு மாலை காக்கி புக்கிட்டின் தொழிற்பேட்டைச் சாலைகள் காலியாகத்தான் இருக்கும். முதலில் நடை வேகத்தில், பிறகு 20, பிறகு 40 கிலோமீட்டரில் நிறுத்திப் பார்த்தோம். எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. டிரம்களைத் தொட்டுப் பார்த்தால் இரண்டும் ஒரே சூடு.

ஒரு மாதம் கழித்து ஈசூனில் அவர் புளோக்கின் கீழே மறுபடி அளந்தேன். 75, 75, கூடுதல் 5. ஹோஸ் இணைப்புகளில் ஈரம் இல்லை. அவருடைய அடுத்த ஆய்வு நவம்பரில் வருகிறது. ஹேண்ட் பிரேக் குறைவு என்று அங்கே சொன்னால் கேபிள் நட்டை யாரும் தொட வேண்டாம், முதலில் டிரம்மைத் திறக்கவும் என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, வாகன ஆய்வுக் கடிதத்தோடு சேர்த்துப் பின் குத்தி டாஷ்போர்டு பெட்டியில் வைத்திருக்கிறேன்.